வாசகசாலைச் சங்கம்: 2024ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

தலைவருக்கும் வந்திருக்கிற சொற்ப அங்கத்தவர்களுக்கும் வணக்கம். வராதவர்களும் பார்க்கட்டும் என்றுதான் இதை எழுத்தில் தருகிறேன்.

தைப்பொங்கல் நடந்தது. நம் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷன் பாதையில் சிரமதானம் செய்தோம். புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு வழமைபோல. வாணி விழா மழையோடு மழையாக முடிந்தது. கூரைத் தகரம் இன்னும் ஒழுகுகிறது.

அப்புறம் நன்றி மரம், அன்றன்றைக்கு யாருக்கு நன்றி என்று காகித இலையில் எழுதி வீட்டில் கட்டுகிற மரம். "இது என்ன சின்னப்பிள்ளை விளையாட்டு" என்று நிர்வாகக் கூட்டத்தில் கேட்டார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற வேலை, முடிந்த மலையிலிருந்து அந்த வெட்டிய கிளை, மிலாறு, அடுப்புக்கு எல்லா வீட்டுக்கும்தான் வருகிறது. அதில் நாலைந்து கிளை பிரிந்த ஒன்றை எடுத்து, காலி பால்மா டின்னில் கல்லும் மண்ணும் போட்டு நட்டு, பழைய கலண்டர் தாளில் இலை வெட்டி நூல் கோத்து வைத்துக்கொண்டால் மரம் ரெடி. இராச் சாப்பாடு முடிந்ததும் வீட்டில் ஆளுக்கு ஓர் இலை எழுதிக் கட்ட வேண்டும், அப்பா உட்பட. எழுதத் தெரியாத பாட்டி சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளை எழுதலாம். யாருக்கு நன்றி என்பதோடு, அவர் என்ன செய்தார் என்பதும் இலையில் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் சட்டம். முதல் வாரம் எந்த வீட்டிலும் அதை யாரும் கவனிக்கவில்லை, எல்லா மரத்திலும் "அம்மாவுக்கு நன்றி, சாமிக்கு நன்றி, டீச்சருக்கு நன்றி" என்றே தொங்கியது.

பிறகுதான் சூடு பிடித்தது. தம்பியின் நனைந்த சொக்ஸை அடுப்புக்குப் பக்கத்தில் காயப்போட்ட பிள்ளைக்காம்பரா (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) ஆயம்மாவுக்கு ஒரு பிள்ளை எழுதியிருந்தது. "அட்டைக்கு நன்றி, இன்றைக்குக் கடிக்கவில்லை" என்று ஒருவன் எழுதினான், அதையும் கட்டச் சொன்னேன். தாய் குவைத்தில் இருக்கும் பையன் எழுதியது: "நான் பள்ளிக்கூடம் போக முந்தி அம்மா கோல் எடுத்தாங்க, அங்க அப்ப விடியவே இல்ல." இரண்டரை மணித்தியால வித்தியாசத்தை அவன் எப்போது கணக்குப் பார்த்தானோ. இன்னொரு வீட்டில் "தண்ணீர்க் குழாய் போட்டுத் தந்த தோட்டத்துக்கு நன்றி" என்று பிள்ளை எழுத, அப்பா அதை அவிழ்க்கச் சொல்லி, குழாய் பதிக்கக் கான் வெட்டிய, லயத்து வீடுகளில் இருக்கும் மாமாக்களின் பெயரை எழுதவைத்தாராம். எனக்கு அது சரியாகவே பட்டது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு தலையாட்டுவதுதான் நன்றி என்று நம் பிள்ளைகளுக்குப் படிந்துவிடக் கூடாது.

நானாகக் கதை விடவில்லை. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், வாராவாரம் நன்றிக்குரியவற்றை எழுதிவந்தவர்கள், தொல்லைகளை எழுதிவந்தவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லவிதமாக நினைத்தார்கள். 2008இல் வெளியான இன்னொன்றில் 6, 7ஆம் வகுப்புப் பிள்ளைகள் 221 பேர் பங்கெடுத்தார்கள், அவர்களில் ஒரு பகுதியினரை இரண்டு வாரம் நன்றிக்குரியவற்றை எழுதவைத்தார்கள். நாங்கள் அதையே வீட்டோடு சேர்ந்து மிலாறில் கட்டுகிறோம்.

செலவைப் பற்றியும் பேச்சு வந்தது. மிலாறு சும்மா, டின் சும்மா, கலண்டர் சும்மா. கலர் பேனைக்கும் நூலுக்கும்தான் காசு, அதிலும் பாதி என் கையிலிருந்து. மரம் செய்து காட்டிய ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுத்துக் களைத்த அம்மாமார்கூட வந்து உட்கார்ந்தார்கள், நிர்வாகத்தில் பாதிப்பேர் எட்டிப் பார்க்கவில்லை. அன்று மேட்ச் என்று எனக்கும் தெரியும்.

சந்தா மாதம் 50 ரூபாய், டவுனில் ஒரு பிளேன்டீக் காசு. பாக்கி வைத்தவர்களைக் கேட்டால், சம்பளம் கூடட்டும் என்றார்கள். செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 என்று வர்த்தமானியும் வந்தது. தீபாவளி போகட்டும் என்றார்கள், அதுவும் போனது. இப்போது பொங்கலைச் சொல்கிறார்கள்.

வரவும் செலவும் ஏறக்குறையச் சரி. விவரம் பொருளாளரின் கொப்பியில் உண்டு, கொழும்பிலிருந்து வந்ததும் காட்டுவார். தலைவர், போஷகர்கள், ஒலிபெருக்கி தந்தவர், தேநீர் ஊற்றிய அக்காமார் எல்லாருக்கும் நன்றி.

அடுத்த வருடம் வேறு யாராவது பொறுப்பெடுத்தால் எனக்குச் சந்தோஷம், சாவியை இன்றைக்கே தருகிறேன். இல்லை நானே என்றால், இருக்கிற கத்திரிக்கோல் ஐந்தில் இரண்டு வெட்டாது, கலர் பேனை காய்ந்துவிட்டது, கீழ் மலையில் கவ்வாத்து வேறு தொடங்கப்போகிறது. பாக்கிக்காரர் பட்டியலைக் கதவில் ஒட்டலாமா என்று ஓர் அங்கத்தவர் கேட்டார். பொங்கல் வரைக்கும் வேண்டாம் என்றேன்.

இப்படிக்கு,
செயலாளர்