சாவி யாரிடம் இருக்கிறது?

மதிப்பிற்குரிய மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கு,

வணக்கம். எந்த மருத்துவமனை என்று எழுதப்போவதில்லை. நம்முடையதாக இருக்குமோ என்று உங்களில் பலருக்குத் தோன்றினால், அதற்கு நான் பொறுப்பல்ல.

அப்பாவுக்கு நுரையீரலில் புற்று. முதுகெலும்பு வரை பரவியிருந்தது. வலிக்கு மார்ஃபின் மாத்திரையில் ஓரளவு சமாளித்துவந்தார். ஒரு சனிக்கிழமை இரவு வாந்தி நிற்கவே இல்லை, மாத்திரை வயிற்றில் தங்கவில்லை. ஊசிதான் வழி. டூட்டி டாக்டர் உடனே எழுதியும் கொடுத்துவிட்டார். மருந்தும் இருந்தது, பூட்டிய பீரோவுக்குள். சாவி வைத்திருந்தவர் வீட்டுக்குப் போய்விட்டார், போனும் எடுக்கவில்லை. பாராசிட்டமால் ட்ரிப்ஸ் ஏற்றினார்கள்.

அப்பா கத்தவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மணி என்னம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதினொன்றரைக்குக் கேட்டார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டார். ஒரு கட்டத்தில் நான் மணியைக் கூட்டிச் சொல்ல ஆரம்பித்தேன். சாவி வந்தது ஞாயிறு காலை ஒன்பதரைக்கு. ஊசி போட்டு அரைமணி நேரத்தில் கம்பியை விட்டார்.

பூட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. அளவு மீறினால் மூச்சையே மந்தமாக்கும் மருந்து அது. சிறுநீரகம் பழுதானவர்கள் உடலில் தேங்கியும் விடும். ஆனால் அன்று காலை நடந்ததைக் கேளுங்கள். காலி ஆம்ப்யூலை (ஊசிமருந்துக் குப்பியை) எண்ணி, ரிஜிஸ்டரில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அப்பாவின் மூச்சை எண்ண யாரும் வரவில்லை. போன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நான்தான் எண்ணினேன்.

நான் கேட்பது இதுதான்: இரவிலும் விடுமுறை நாளிலும் சாவி வார்டுக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஊசி போட்டபின் மயக்கத்தையும் மூச்சையும் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் இருக்கட்டும். மார்ஃபின் அளவு மீறினால் அதை முறிக்கும் நலோக்சோன் பக்கத்தில் இருக்கட்டும்.

சட்டத்தைக் காட்டாதீர்கள். 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தை 2014இல் திருத்தியதே, மார்ஃபின் போன்ற மருந்துகள் நோயாளிக்குச் சுலபமாகக் கிடைக்கட்டும் என்றுதான். மத்தியப் பிரதேசத்தின் நீமச்சிலும் மந்த்சோரிலும் அரசு உரிமத்தோடு கசகசாச் செடி பயிராகிறது. அதிலிருந்து எடுக்கும் அபின், மார்ஃபினின் மூலப்பொருள், கப்பலேறி வெளிநாடு போகிறது. கடல் தாண்டுகிற சரக்கு, பீரோவிலிருந்து கட்டிலுக்குப் பத்தடி தாண்ட முடியவில்லை. நடுவில் ஒரு உபதேசம் வேறு: "பழகிப்போயிடும்மா, பாத்துக்கோ." சில வாரம்கூடத் தாங்குவாரா என்று தெரியாத மனிதருக்கு!

மன்னிக்க வேண்டும், பணிவாகக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். சாவி இரவிலும் கிடைக்கட்டும், ஐயா. அதற்கு உத்தரவு, கோப்பு, கூட்டம் எல்லாம் ஆகும் வரை, இன்றிரவு சாவி யாரிடம் என்று வார்டு பலகையில் தினமும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். சாக்பீஸ் நான் வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்