ஹேட்ரியன் சுவரிலும் விண்டோலாண்டாவிலும் எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

ஜூன் மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், நியூகாசிலில் படிக்கும் தமிழ் மாணவர்கள் 27 பேர், வட இங்கிலாந்தில் ரோமானியப் பேரரசர் ஹேட்ரியன் கட்டிய எல்லைச் சுவரில் உள்ள ஹவுஸ்டெட்ஸ் ரோமானியக் கோட்டையையும் அதன் அருகே உள்ள விண்டோலாண்டா அகழாய்வுக் களத்தையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பினோம். அதன் பின்னால் பலருடைய உழைப்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் சுருக்கமான நன்றிக் கடிதம் ஒவ்வொருவருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. தமிழில் இதை விரிவாக எழுதுகிறோம். யார் எதைச் செய்தார்கள், அதை ஏன் அப்படிச் செய்தார்கள் என்று சொன்னால்தான் எங்களுக்கு மனம் நிறையும். அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கைகளுக்கும் உதவும்.

முதல் வணக்கம் பயணத் திட்டம் போட்டுத் தந்த ஆய்வு மாணவி அக்காவுக்கு. நியூகாசிலிலிருந்து கார்லைல் போகும் ரயிலில் ஹெக்சம் ஏறத்தாழ 40 நிமிடம், ஹால்ட்விசில் ஒரு மணி நேரம். இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில், சுவரை ஒட்டி ஏ.டி.122 என்ற பேருந்து ஓடுகிறது. சுவர் கட்டத் தொடங்கிய கி.பி. 122தான் அதன் எண். கோடைப் பருவத்தில் மட்டும், அதுவும் நாளைக்குச் சில நடைகளே உண்டு. 27 பேரும் ஒரே நடையில் ஏறினால், வழியில் கால் ஓய்ந்து நிற்கும் நடைப்பயணிகளுக்கு இடம் இருக்காது. அதனால் அக்கா எங்களை இரண்டாகப் பிரித்தார். 14 பேர் ஹெக்சமில் இறங்கி முதலில் ஹவுஸ்டெட்ஸ் போக வேண்டும். 13 பேர் ஹால்ட்விசில் வரை போய் முதலில் விண்டோலாண்டாவைப் பார்க்க வேண்டும். மதியத்துக்கு மேல் இடம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

ரயில் சீட்டிலும் அவர் கணக்கு துல்லியம். குரூப்சேவ் சலுகை 3 பேர் முதல் 9 பேர் வரை சேர்ந்து போனால், நெரிசல் இல்லாத நேரத்தில், கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கிறது. 27ஐ மூன்று ஒன்பதாகப் பிரிப்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் ஒரே சீட்டில் உள்ளவர்கள் கடைசி வரை சேர்ந்தே போக வேண்டும். பாதியில் பிரியக் கூடாது. அதனால் 14ஐ 9, 5 என்றும், 13ஐ 9, 4 என்றும் பிரித்தார். எல்லாருக்கும் ஹால்ட்விசில் போய்வரும் சீட்டு. ஹெக்சமில் இடையில் இறங்கலாமா என்று நிலையத்தில் முன்னதாகவே கேட்டு உறுதி செய்துகொண்டார். இதைக் கேட்காமல் விட்டிருந்தால் ஒரு குழு திரும்பும்போது புதுச் சீட்டு வாங்க வேண்டி வந்திருக்கும்.

பேருந்து ஓட்டுநர்கள் இருவருக்கும் நன்றி. ஓர் இடத்தில் ஒட்டியிருந்த நேர அட்டவணை பழையது. கடைசி நடை அதில் தவறாக இருந்தது. ஏறும்போதே ஓட்டுநர் அதைச் சொல்லி, சரியான நேரத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தார். விண்டோலாண்டாவில் இது முக்கியம். பேருந்து நிற்பது மேற்கு வாசலில், மேட்டில். அருங்காட்சியகமும் உணவகமும் கிழக்கே, சரிவின் அடியில், ஓடைக்கரையில். இறங்கும்போது தெரியாத தூரம் ஏறும்போது தெரியும். புறப்பட 20 நிமிடம் ஒதுக்காதவர்கள் பேருந்தைத் தவற விடுகிறார்கள் என்று எச்சரித்தவரும் அவர்தான்.

மதிய உணவு தந்த குடும்பத்தாருக்கு எங்கள் அன்பு. பொட்டலச் சோறு இந்த ஊர்க் காற்றில் ஒரு மணி நேரத்தில் விறைத்துவிடும். அதைத் தெரிந்து புளியோதரைக்கு அரிசியை வழக்கத்தைவிடக் குழைய வடித்து, நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டிருந்தார்கள். தயிர்சாதத்தில் முக்கால் பங்கு பால், மேலே ஒரு கரண்டி தயிர். இரண்டு மணிக்குத் திறந்தபோது சரியாக உறைந்திருந்தது. உணவகத்தில் சாப்பிட இருந்த ஐந்து பேருக்காக அவர்களே பேசியும் வைத்திருந்தார்கள். இங்கே வெஜிடேரியன் என்றால் முட்டை சேரும். வீகன் என்றால் பாலும் போய்விடும். "பால் ஆகும், முட்டை ஆகாது" என்று தனியாகச் சொன்னால்தான் விளங்கும்.

ஹவுஸ்டெட்ஸில் எங்களோடு மேலே ஏறிவந்த முதிய தன்னார்வலருக்கு என்ன சொல்லி நன்றி கூறுவது? வரவேற்பு மையத்திலிருந்து கோட்டைக்குச் சுமார் 800 மீட்டர், ஏற்றம். ஏறி முடித்ததும் எல்லாரும் சுவரைப் பார்க்க ஓடுவார்கள். அவர் எங்களை நேரே தென்கிழக்கு மூலைக்கு, கழிப்பிடத்துக்குக் கூட்டிப் போனார். ஏன் அந்த மூலை? கோட்டையிலேயே தாழ்ந்த இடம் அதுதான். குன்றின் மேல் ஓடும் தண்ணீர் கிடையாது. மழைநீரைக் கல்தொட்டிகளில் பிடித்து, நிரம்பி வழிவதைக் கால்வாயில் விட்டு, அந்த மூலையில் கழிவை அடித்துக்கொண்டு வெளியேறச் செய்திருக்கிறார்கள். இருபுறமும் ஆழமான சாக்கடை. அதன் மேல் ஒரு காலத்தில் மரப் பலகை இருக்கைகள் இருந்தன. நடுவில் உள்ள மேடையில் கை அகல வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. கழுவும் பஞ்சை அதில்தான் அலசினார்கள். ஏறத்தாழ 800 வீரர்கள் இருந்த கோட்டை இது. பிரிட்டனில் இவ்வளவு முழுமையாக எஞ்சிய ரோமானியக் கழிப்பிடம் வேறு இல்லை.

அடுத்து களஞ்சியம். தரைக்கு அடியில் வரிசை வரிசையாகக் குட்டைக் கல்தூண்கள். அவற்றின் மேல்தான் தளம். ஈரம் ஏறாமல், காற்று அடியில் புகுந்து போக வேண்டும் என்பதற்காக. நம் ஊரில் நெற்குதிருக்குக் கால் வைப்பதும் இதற்குத்தானே என்று ஒருவர் சொல்ல, அவர் குதிரின் படத்தை வரைந்து காட்டச் சொல்லித் தம் குறிப்பேட்டில் வாங்கிக்கொண்டார்.

சுவரைப் பற்றி அவர் சொன்னதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். 73 மைல் நீளச் சுவரில் இப்பகுதியில் நாம் பார்த்து வியக்கும் பல இடங்கள், 19-ஆம் நூற்றாண்டில் ஜான் கிளேட்டன் என்பவர் தம் ஆட்களைக் கொண்டு, விழுந்து கிடந்த ரோமானியக் கற்களையே சாந்தில்லாமல் அடுக்கி, மேலே புல்பத்தை வைத்து மூடியவை. ஏறி நடந்தால் புல் பெயரும். பெயர்ந்த இடத்தில் மழைநீர் இறங்கும். உள்ளே உறைந்து கற்களைத் தள்ளும். அதனால் கோட்டைக்கு மேற்கே, மரங்களுக்குள் இருக்கும் ஒரு சிறு பகுதியைத் தவிர வேறெங்கும் சுவர் மேல் நடக்கக் கூடாது. பக்கத்துப் பாதையிலும் எறும்பு வரிசை போல ஒருவர் பின் ஒருவராகப் போகாமல், பரவலாக, பக்கம் பக்கமாக நடக்கச் சொன்னார். ஒரே தடத்தில் மிதித்தால் புல் தேய்ந்து பள்ளமாகும், பள்ளம் வாய்க்காலாகும், அடியில் இன்னும் தோண்டப்படாத ரோமானிய மண் அரித்துப் போகும்.

இனி விண்டோலாண்டா. இங்கே நன்றி சொல்ல ஒரு பத்தி போதாது.

இது சுவருக்கு முந்தைய இடம். கி.பி. 85 வாக்கில் முதல் மரக்கோட்டை. அதையும் சேர்த்து ஒன்றன் மேல் ஒன்றாக ஒன்பது கோட்டைகள். புதிதாகக் கட்டும்போது பழையதை இடித்து, மேலே களிமண்ணும் புல்பத்தையும் பரப்பிச் சமன் செய்தார்கள். அடியில் தண்ணீர் தேங்கி, காற்று புகாமல் அடைபட்டது. காற்று இல்லாததால் மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு வேலை இல்லை. மரம், தோல், துணி எல்லாம் அப்படியே கிடக்கின்றன. செருப்புகள் மட்டும் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இங்கே தோண்டுகிறவர்களில் பெரும்பாலோர் சொந்தப் பணம் செலவழித்து வரும் தன்னார்வலர்கள். கயிற்றுக்கு வெளியே நின்ற எங்களுக்காக வேலையை நிறுத்தி, ஒவ்வொரு படியையும் செய்து காட்டினார்கள். மேல் அடுக்குகளில் கொத்துக்கரண்டியைத் தன் பக்கமாக இழுத்துச் சுரண்ட வேண்டும், குத்தக் கூடாது. நிறமோ இறுக்கமோ மாறினால் நிறுத்தி, புது அடுக்கு என்று எண் போட வேண்டும். கிடைத்த பொருளை உடனே தூக்கக் கூடாது. இருந்த இடத்தை அளந்த பிறகுதான் எடுக்கலாம். காற்றுப் புகாத கறுப்பு அடுக்கு வந்துவிட்டால் முறையே வேறு. அங்கே மண்வெட்டியால் மண்ணைக் கட்டியாக வெட்டி எடுத்து, கையால் மெல்லப் பிட்டுப் பார்க்கிறார்கள். எழுத்து ஓலை, அதாவது ரோமானியர் மையால் எழுதிய மெல்லிய மரத்தகடு, இருந்தால் அது இரண்டு மில்லிமீட்டர் தடிமனில், மரச் சீவல் போலத்தான் இருக்கும். கரண்டி பட்டால் போயிற்று.

ஓர் அம்மையார் அப்படி ஒரு கட்டியை எங்கள் முன்னால் பிட்டார். உள்ளே தரையில் பரப்பிய பெரணிச் சருகு, பொன்னும் பச்சையும் கலந்த நிறத்தில், நேற்று வெட்டிப் போட்டது போல. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாகி, கறுத்துவிட்டது. காற்று பட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஓலைகளுக்கும் இதுதான் நேர்ந்தது. 1973 மார்ச்சில் அகழாய்வாளர் ராபின் பர்லி முதல் ஓலைகளைக் கண்டெடுத்தபோது எழுத்து தெரிந்தது. படிக்கத் தெரிந்தவரிடம் டர்ஹமுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் மரம் கறுத்து, எழுத்து மறைந்துவிட்டது. அதை மீட்டது எங்கள் ஊர்: நியூகாசில் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் அகச்சிவப்பில் படம் எடுத்தார்கள். கரி மை அகச்சிவப்பை விழுங்கிக்கொள்ளும், கறுத்த மரம் திருப்பி அனுப்பும். அதனால் எழுத்து மட்டும் கருமையாகத் தெரிந்தது. நம் ஏட்டுச்சுவடிக்குக் கரையானும் இராமபாணப் பூச்சியும் எதிரி. இந்த ஓலைக்குக் காற்றே எதிரி.

அருங்காட்சியகத்தில் எங்களுக்கு நேரம் ஒதுக்கிய பணியாளருக்குத் தனி நன்றி. செப்டம்பர் 11 அன்று தன் பிறந்த நாளுக்கு வரும்படி கிளாவுடியா செவரா என்ற ரோமானியப் பெண் தன் தோழி சுல்பிசியா லெபிடினாவுக்கு அனுப்பிய அழைப்பை எல்லாரும் கேட்பார்கள். அவர் அதைக் காட்டிவிட்டு, நாங்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று விசாரித்து, 184 என்ற எண்ணிட்ட ஓலையின் படியை எடுத்து வைத்தார். படைவீரர்களின் பற்றுக் கணக்கு அது. தாப்போவின் மகன் கம்பாக்ஸ் என்பவன் பெயருக்கு நேரே மிளகு, 2 தெனாரி (ரோமானிய வெள்ளிக் காசு). அன்றைக்கு மிளகு விளைந்தது மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில். சங்கப் பாடல்கள் 'கறி' என்று சொல்லும் அதே மிளகு, முசிறி போன்ற துறைகளில் கப்பலேறி, செங்கடல் கடந்து, இந்தக் குளிர்க் குன்றில் ஒரு சிப்பாயின் கணக்கில் பதிவாகியிருக்கிறது. எங்களில் மூன்று பேர் அந்தச் சிப்பாயின் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டார்கள்.

இந்தக் களத்தை நடத்தும் அறக்கட்டளை 1970-இல் தொடங்கியது. நுழைவுக் கட்டணம்தான் அதற்குப் பெரிய பலம். ஆகவே போகிறவர்கள் சலுகை தேடாமல் முழுச் சீட்டு வாங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். நிலம் காய்ந்து வருவதால் பக்கத்து மாக்னா கோட்டையில் ஈர அடுக்குகள் அழிவதற்குள் அவசரமாகத் தோண்டத் தொடங்கியிருக்கிறார்கள். 2023-இல் ஆரம்பித்த வேலை அது. அங்கும் கை தேவைப்படுகிறது.

வழியில் ஆட்டுப் பண்ணைகளின் படல்களைத் திறந்துவிட்டவர்களுக்கும், மழைக்கு ஒதுங்க இடம் தந்தவர்களுக்கும் நன்றி.

கடைசியாக, 11 சோடிப் பூட்ஸ் இரவல் தந்த மலையேற்ற நண்பர்களுக்கு. ஈரப் புல்லிலும் கருங்கல் படிகளிலும் விளையாட்டுக் காலணி வழுக்கும் என்று சொல்லி, ஒவ்வொருவருக்கும் அளவு பார்த்து, தடித்த காலுறையோடு தந்தீர்கள். நீங்கள் சொன்னபடியே சேறு காய்ந்த பிறகு தூரிகையால் தட்டி, உள்ளே செய்தித்தாள் அடைத்து, ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காமல் நிழலில் உலர்த்தியிருக்கிறோம். பத்துச் சோடிகள் உங்கள் அலமாரிக்குத் திரும்பிவிட்டன. 8-ஆம் எண் சோடியில் இடது குதியின் ஒட்டு விட்டிருக்கிறது. தைக்கக் கொடுத்திருக்கிறோம், வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

அன்புடன்,
நியூகாசில் தமிழ் மாணவர்கள் 27 பேர்