கொம்பும் அரவும்: ஒரு கருவாட்டுக் கணக்குக்கு உதவியவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

போன கிழமை மாமாவின் கருவாட்டுக் கடைக்குப் போயிருந்தேன். 2022 இல் நான் எழுதிக் கொடுத்த கடன் கணக்குப் புரோகிராம் அந்தப் பழைய கொம்பியூட்டரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. திரையெல்லாம் தூசு, விசைப்பலகையில் நெத்தலி மணம், ஆனால் கணக்கு மட்டும் சரியாக வருகிறது. மாமா பக்கத்தில் நின்ற ஒருவரிடம் "இது எங்கட மருமகன் தனியாச் செய்தது" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தனியாகவா? அதில் என்னுடைய கையால் மட்டும் எழுதிய வரி எது என்று தேடினால் மாமாவின் கடைப் பெயரை அச்சிடும் முதல் வரி தவிர வேறொன்றும் கிடைக்காது. அதனால்தான் இந்த மடல், கொஞ்சம் பிந்திவிட்டது, மன்னிக்கவும்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த காலம் அது. ஒரு வகுப்பில் காசு கட்டிச் சேர்ந்தேன், எந்த வகுப்பு என்று சொல்லப் போவதில்லை, கேள்வி கேட்டால் "இதுகூடத் தெரியாதா" என்று ஒரு சிரிப்பு வரும், மூன்றாம் வாரத்தோடு நின்றுவிட்டேன். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. வீட்டில் கொம்பியூட்டரும் இல்லை. அப்போதுதான் திருகோணமலைப் பிரதான வீதிப் பக்கம் கொமினிகேசன் கடை வைத்திருந்த அண்ணா, ஃபோட்டோக் கொப்பி எடுக்க வந்த என்னை மூலையில் இருந்த மெசினில் இருக்கவிட்டார். கரண்ட் இருக்கும் நேரம் மட்டும்தான், அதற்கும் காசு வாங்கவில்லை. அண்ணா, நீங்கள் வாடகைக் காசுக்குக் கஷ்டப்பட்டது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த மூலைக் கதிரைக்கு நன்றி.

அதே கடைக்குக் கந்தளாயிலிருந்து ஒரு சிங்களப் பொடியன் வருவான். எனக்குச் சிங்களம் அரைகுறை, அவனுக்குத் தமிழ் அதைவிடக் குறைவு. ஒருநாள் பைத்தன் என்ற புரோகிராம் மொழியில் நான் எழுதிய கோட் ஓடவே இல்லை, முக்கால் மணித்தியாலமாக முழித்துக்கொண்டிருந்தேன். அவன் எழும்பி வந்து திரையில் ஓரிடத்தில் விரலை வைத்து "மெத்தன" என்றான். இங்கே, அவ்வளவுதான். 'இஃப்' வரியின் முடிவில் முக்காற்புள்ளியை (:) போடாமல் விட்டிருந்தேன். அவன் பெயரைக் கேட்காமல் இருந்துவிட்டது இப்போதும் மனதை உறுத்துகிறது.

அடுத்தது அக்கா, நீங்கள்தான். ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளி இருந்தவர், அப்போது கொழும்பில் ஹொஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய முதல் கேள்வி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "அக்கா வேலை செய்யுதில்லை." அதோடு, கொம்பியூட்டர் திரையைப் போனில் சரிவாகப் படம் பிடித்து, பாதித் திரை ரியூப்லைட் வெளிச்சத்தில் வெள்ளையாகிப் போனதையும் அனுப்பினேன். அக்கா பதிலே தரவில்லை. இரவு பத்து மணிக்குப் பிறகு மூன்று கேள்வி வந்தது. நீ என்ன செய்தாய்? என்ன வரும் என்று நினைத்தாய்? உண்மையில் என்ன வந்தது? அதற்குக் கீழே, "படமா அனுப்பாத, எழுத்தா அனுப்பு."

எனக்குக் கோபம் வந்தது, மறைக்க ஒன்றுமில்லை. தெரிந்தவர் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாமே என்று நினைத்தேன். சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதத் தொடங்கினேன். பத்துக் கிலோ நெத்தலியையும் ஐந்து கிலோ கட்டாவையும் கூட்டினால் 15 வர வேண்டும், 105 வருகிறது என்று எழுதும்போதே கை நின்றுவிட்டது. 10 க்குப் பக்கத்தில் 5 ஐ ஒட்டி வைத்தால் 105 தானே! நாம் தட்டச்சில் கொடுப்பதைப் பைத்தன் எண்ணாக எடுக்காது, எழுத்துச் சரமாகத்தான் எடுக்கும், நாங்கள்தான் எண்ணாக மாற்ற வேண்டும். அந்தக் கேள்வியை நான் அக்காவுக்கு அனுப்பவேயில்லை. அதற்குப் பிறகு அப்படி அனுப்பாமலே விட்ட கேள்விகள் எத்தனையோ. அக்கா, நீங்கள் சொல்லித் தராத பதில்களுக்குத்தான் முதல் நன்றி.

இதையே அம்மாவிடமும் செய்து பார்த்திருக்கிறேன். வாத்துப் பொம்மையை மேசையில் வைத்து அதற்குத் தங்கள் கோட்டை விளக்கிச் சொல்லும் பழக்கம் புரோகிராம் எழுதுகிறவர்களிடம் உண்டு, எங்கள் வீட்டில் பொம்மை இல்லை, அம்மா இருந்தார். அவர் சூடை மீன் கழுவிக்கொண்டிருப்பார், நான் பக்கத்தில் பலகையில் குந்தியிருந்து "இப்ப கடன் கழிஞ்சா மிச்சம் இதுக்குள்ள போகும்" என்று சொல்லிக்கொண்டே போவேன். "அப்ப கூடத் தந்தவன்ர காசு எங்க போகும்?" என்று ஒருநாள் கேட்டார். அதை நான் யோசித்திருக்கவே இல்லை. கடனைவிடக் கூடுதலாகக் கட்டியவருடைய கணக்கு அதுவரை கழித்தல் குறியோடு பாக்கிப் பட்டியலில் வந்துகொண்டிருந்தது.

கிண்ணியா நானாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த மடலே பிழை. கடையில் என்னைக் கண்டு கதைத்தவர், தன்னிடம் கிடந்த பழைய லப்டொப் ஒன்றைத் தருவதாகச் சொன்னார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இப்படி எத்தனை பேர் சொல்கிறார்கள். ஓகஸ்ட் மாதம் உண்மையிலேயே கொண்டுவந்து தந்தார், மோட்டார் சைக்கிளில். அந்த நேரம் பெற்றோல் பங்கீட்டுக் கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல்தான். அதில் போக வர கிட்டத்தட்ட 40 கிலோமீற்றரை எனக்காகச் செலவழித்த மனிதர். அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, "கிண்ணியாப் பாலம் 2009 லதான் திறந்த, அதுக்கு முந்தியெண்டா பாதையில ஏத்தித்தான் கொண்டு வந்திருக்கணும் தம்பி" என்று சிரித்தார். பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவை. சார்ஜ் நிற்காத பற்றரி, 'ம' விசை இரண்டு தரம் அடித்தால் ஒருதரம் விழும். என்ன, அது என்னுடையது!

போகுமுன் ஒரு மணித்தியாலம் இருந்து என் கோட்டைப் பார்த்தார். பைத்தனில் வரி எங்கே தள்ளித் தொடங்குகிறது என்பதே இலக்கணம், அதை நான் சில இடத்தில் டாப் விசையாலும் சில இடத்தில் வெற்றிடம் விட்டும் செய்திருந்தேன். கண்ணுக்கு நேராகத்தான் தெரியும். "கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் எழுத்துத்தான்" என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் தானே திருத்தாமல் முதல் இரண்டு வரியை மட்டும் திருத்திக் காட்டினார். அந்த ஒரு வசனம் பிறகு எவ்வளவு தேவைப்படும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இப்போது அந்தப் பெரிய சிக்கலுக்கு வருகிறேன். மாமாவின் பழைய கடன் பட்டியல் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தது, அதை இப்போது போனிலும் கொம்பியூட்டரிலும் பொதுவாகப் பாவிக்கும் யூனிகோட் முறைக்கு மாற்றி எடுத்தேன். புதிய ஆட்களை மாமா போனில் தட்டி அனுப்புவார். ஊர்வாரியாகக் கூட்டிப் பார்த்தால் திருகோணமலை இரண்டு இடத்தில் வருகிறது, இரண்டுக்கும் வேறு வேறு தொகை. தோப்பூரும் இரண்டு, கோபாலபுரமும் இரண்டு. மூதூர் ஒன்றுதான், நிலாவெளி ஒன்றுதான், கிண்ணியா ஒன்றுதான். முன்னுக்கோ பின்னுக்கோ இடைவெளி விழுந்திருக்கும் என்று வெட்டிப் பார்த்தேன், இல்லை. மூன்று நாள். மூன்றாம் நாள் தாளில் அச்சடித்துக் கடையில் வைத்து வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ரீச்சர் பாரைக் கருவாடு வாங்க வந்தார்.

ரீச்சர், நீங்கள் எனக்கு ஆறாம் வகுப்பில் தமிழ் படிப்பித்தவர், ஓய்வெடுத்துக் கனகாலம், கொம்பியூட்டரைத் தொட்டதே இல்லை என்று நீங்களே சொல்வீர்கள். மாமா கருவாடு நிறுக்கும்வரை அந்தத் தாளை மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தீர்கள். "ஏன் ராசா, ஓகாரம் வாற ஊர் மட்டும் ரெண்டு தரம் கிடக்கு?" என்றீர்கள். கோ, தோ, கோ. மூன்று நாளாக என் கண்முன்னே கிடந்தது.

உடனே அக்காவுக்கு எழுதினேன், இந்த முறை மூன்று கேள்விக்கும் பதிலோடு. "ரெண்டு திருகோணமலைக்கும் நீளம் எவ்வளவு எண்டு கேட்டுப் பார்" என்று மட்டும் பதில் வந்தது. கேட்டேன். ஒன்று 10, மற்றது 11. எங்களுக்கு அது ஆறெழுத்து, ஆனால் பைத்தன் விசிறி, கொம்பு எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும் என்பதால் 10 வருவது சரி. அந்தப் பதினோராவது எங்கிருந்து வந்தது? அவிழ்த்துப் பார்த்தால் விசயம் 'கோ'வில் இருந்தது. பாமினியில் கோ அடிப்பது முதலில் கொம்பு (ே), பிறகு க, பிறகு அரவு (ா), மூன்று விசை. நான் பாவித்த எழுத்து மாற்றும் புரோகிராம் அதை 'கே' என்று ஆக்கிவிட்டு அரவைத் தனியாக ஒட்டியிருக்கிறது. போனில் அடிக்கும்போது ஓகாரக் குறி ஒரே குறியாக விழுகிறது. திரையில் இரண்டும் அச்சொட்டாக ஒன்று. உள்ளே இரண்டு வேறு ஊர்! யூனிகோட்டில் இதற்கென்றே என்எஃப்சி என்று ஓர் ஒழுங்குபடுத்தும் முறை இருக்கிறது, பிரிந்து கிடப்பதைச் சேர்த்து ஒரே வடிவமாக்கிவிடும், பைத்தனில் அது ஒரு வரி. அந்த வரியைப் போட்டதும் மூன்று ஊரும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. நான் கடையில் கத்திய கத்தில் மாமா தராசைக் கைவிட்டுவிட்டார்.

அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன், புரோகிராமைத் திறந்தால் இன்னும் இருக்கும்: "ஓகாரம். ரீச்சர் கண்டுபிடித்தது."

பின்னேரங்களில் உட்துறைமுக வீதியால் போகும்போது அந்தக் கொமினிகேசன் கடை இருந்த பக்கம் ஒருக்கால் திரும்பிப் பார்ப்பேன், இப்போது அங்கே உடுப்புக் கடை. இன்றைக்கு என்னிடம் ஒழுங்கையில் இரண்டு பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள். நானும் அக்காவின் மூன்று கேள்வியைக் கேட்டால் என்னை முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

கடைசியாக ஒரு விசயம். மாமா எல்லாருக்கும் ஒவ்வொரு பார்சல் கட்டி வைத்திருக்கிறார். ரீச்சருக்கு நான் நேரில் கொண்டு வருவேன். நானா, உங்களுடையது கடையில் இருக்கிறது, ரவுணுக்கு வரும்போது எடுங்கள், இப்போது பெற்றோலுக்குப் பஞ்சமில்லை. கொமினிகேசன் அண்ணா, உங்கள் நம்பர் மாறிவிட்டது, இதைப் பார்த்தால் மாமாவுக்கு ஒரு கோல் எடுங்கள். கந்தளாய்ப் பொடியனை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், அவனுக்கும் ஒன்று இருக்கிறது. அக்கா, உங்களுக்குரியதை இரவு ரயிலில் கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்து விடுகிறேன், இரண்டு பையில் சுற்றித்தான் இருக்கிறது, அப்படியும் மணந்தால் என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று நினைத்தீர்கள், என்ன வந்தது என்று எனக்கு எழுத்தில் அனுப்புங்கள்.