எல்லைக்கல் நடுவதற்கு முன்: இலங்கைத் தொல்லியல் திணைக்களத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கும் திணைக்கள அதிகாரிகளுக்கும்,

திருகோணமலைப் பெரியகுளத்துக்குப் பக்கத்திலுள்ள வெல்கம் விகாரையை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எங்கள் ஆட்கள் அதை நாதனார் கோயில் என்பார்கள். சோழர் காலத்தில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். தஞ்சையில் சிவனுக்குப் பெருங்கோயில் எடுத்தவனின் பெயரில் இங்கே ஒரு பௌத்தப் பள்ளி! அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளில் விளக்கெரிக்கப் பசுக்களைக் கொடுத்தவர்கள் வருகிறார்கள். நந்தா விளக்கு அணையாதிருக்க நெய் வேண்டும், நெய்க்குப் பசு வேண்டும். சிவன் கோயிலுக்குச் செய்த அதே தர்மத்தை, அதே முறையில், புத்தருக்கும் செய்திருக்கிறார்கள்.

பொலனறுவையில் வேளைக்காரர் என்ற கூலிப்படையினரின் கல்வெட்டும் தமிழில்தான் இருக்கிறது. புத்தரின் பல் வைக்கப்பட்ட தந்ததாதுக் கோயிலைக் காப்போம் என்று அவர்கள் கொடுத்த வாக்குறுதி அது. இவற்றையெல்லாம் படித்துப் பதிப்பித்தது உங்கள் துறை சார்ந்த அறிஞர்கள்தான். 1890 இல் தொடங்கிய திணைக்களத்தின் பெரிய சொத்து இந்த உழைப்பு என்றே நினைக்கிறேன்.

அப்படியிருக்க, உங்கள் வாகனம் ஊருக்குள் வந்தாலே வடக்கு கிழக்குச் சனம் ஏன் கலங்குகிறது? 2020 இல் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைகளுக்கென ஜனாதிபதி செயலணி ஒன்று வந்தது. தலைவர் பாதுகாப்புச் செயலாளர். உறுப்பினர்களில் பிக்குகள் இருந்தார்கள், பொலிஸ் உயரதிகாரி இருந்தார். தமிழரோ முஸ்லிமோ ஒருவர்கூட முதலில் இல்லை. யார் பெரும்பான்மையாக வாழும் மாகாணம் அது? அப்புறம் முல்லைத்தீவின் குருந்தூர்மலை. அங்கே பௌத்த விகாரைக் கட்டுமானத்தை நிறுத்தச் சொல்லி நீதிமன்றமே உத்தரவிட வேண்டி வந்தது.

இதன் விளைவு எங்கள் பக்கத்திலும் தெரிகிறது. தமிழரிடையே பௌத்தம் இருந்தது என்பதை வாய்விட்டுப் பேச இங்கே பலர் தயங்குகிறார்கள். யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலுள்ள பழைய பௌத்தத் தூபிகளை எங்கள் முன்னோரோடு சேர்த்துச் சொன்னால், நாளை தொல்லியல் இடமென்று எல்லைக்கல் நட்டுக் காணி பறிபோகுமோ என்ற பயம். பழைய செங்கல் ஒன்று வயலில் கிடைத்தால் அதைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டிய விவசாயி, யாருக்கும் தெரியாமல் மூடிவிடுகிற நிலை வரக்கூடாது. அப்படி வந்தால் நட்டம் வரலாற்றுக்கு.

கேட்பது பெரிய விடயமல்ல. ஒவ்வோர் இடத்திலும் கிடைத்த சான்றுகள் முழுவதையும், யாருடைய கொடை, எந்த மொழி என்பது உட்பட, மூன்று மொழியிலும் பலகையில் எழுதி வையுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் படித்த பிள்ளைகளை அகழாய்வுக் குழுவில் சேருங்கள். எல்லைக்கல் நடுவதற்கு முன் அந்த ஊர்ச் சனத்தைக் கூப்பிட்டு, என்ன கிடைத்தது, எவ்வளவு நிலம் தேவை, மீதியில் அவர்கள் தொடர்ந்து பயிர் செய்யலாமா என்பதைத் தமிழில் சொல்லுங்கள். கூட்டத்துக்குச் சீருடைக்காரர் இல்லாமல் வாருங்கள்.

இப்படிக்கு,
வடக்கிலிருந்து ஒரு வாசகன்