கோமதிக்கு, வியாழக்கிழமைக்கு முன்னால்

உடுமலை,
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள கோமதி,

ரெண்டு மாசமா உனக்கு ஒரு வரி எழுதலை. நைட் டூட்டி முடிச்சுட்டு பஸ்ல வர்றப்ப நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டேன், பதில்தான் போடலை. திட்டறதை எல்லாம் சேர்த்து வை, பொங்கலுக்கு நேர்ல வாங்கிக்கறேன். இங்கே எல்லாரும் சுகம். "மதுரைக்குப் போன ஊசி டாக்டரம்மா எப்ப வருது"ன்னு அப்புச்சி வாரம் ஒரு தடவை கேட்டுடறார். தபால்ல போட்டா வியாழன் தாண்டிடும், அதனால இதைப் போட்டோ எடுத்து அனுப்பறேன்.

வர்ற வியாழக்கிழமை எங்க காலேஜுக்கு ஒரு பம்ப் கம்பெனி வேலைக்கு ஆள் எடுக்க வருதுடி. ஆப்டிட்யூட் டெஸ்ட் எழுதின 40 பேர்ல 11 பேர் தேறியிருக்கோம், அதுல பொண்ணுங்க ரெண்டே பேர். டெக்னிகல் ரவுண்டு, ஹெச்.ஆர். ரவுண்டு ரெண்டும் ஒரே நாள்ல.

உன்கிட்ட மறைச்ச ஒண்ணை இப்ப சொல்லிடறேன். ரெண்டு மாசத்துக்கு முன்னால வேற ஒரு கம்பெனி வந்து போச்சு. முதல் கேள்வியே, டிரான்ஸ்ஃபார்மரை ஏன் கேவிஏ கணக்குல, அதாவது வோல்டேஜையும் கரன்ட்டையும் பெருக்கிச் சொல்றோம், நிஜமா வேலை செய்யற பவரான கிலோவாட்ல ஏன் சொல்றதில்லைன்னு. எனக்குப் பதில் தெரியும். உள்ளே இருக்கற இரும்புல ஆகற நஷ்டம் வோல்டேஜைப் பொறுத்தது, செம்புக் கம்பியில ஆகறது கரன்ட்டைப் பொறுத்தது. டிரான்ஸ்ஃபார்மர் சூடாகறது இந்த ரெண்டாலதான். பவர் ஃபேக்டர்ங்கறது கேவிஏல எவ்வளவு பங்கு கிலோவாட்டாகுதுங்கற கணக்கு. அது எதுவா இருந்தாலும் அந்தச் சூடு மாறாது. 100 கேவிஏன்னா, லோடு 0.8 பவர் ஃபேக்டரா இருந்தா 80 கிலோவாட் கிடைக்கும். என்ன லோடு மாட்டப்போறாங்கன்னு செய்யறவங்களுக்குத் தெரியாதே, அப்புறம் எப்படிக் கிலோவாட்னு எழுதுவாங்க? இவ்வளவுதான் பதில். ஆனா அன்னைக்கு என் வாயில வந்தது மனப்பாடம் பண்ணின டெஃபனிஷன் மட்டும்தான். அதுவும் பாதியில நின்னுடுச்சு. எதிர்ல இருந்தவர் பேனாவை மூடி மேசைமேல வெச்சார். அந்த 'டக்' சத்தம் இன்னும் காதுல இருக்கு. அதுக்கப்புறம் யார்கிட்டயும் பேசப் பிடிக்கலை, உன்கிட்டகூட.

இப்ப வேற மாதிரி தயாராகறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு அவசரமா எழுதறேன்.

போன வாரம் அப்பாவோட மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு ஒரு 3 ஹெச்.பி. மோனோபிளாக், அதான் மோட்டாரும் பம்பும் ஒண்ணா இருக்கறது, வந்துச்சு, கணியூர்ப் பக்கத்துத் தோட்டத்துது. நான் சும்மாதான் நின்னுட்டிருந்தேன். அப்பா கவரைக் கழட்டி டார்ச் அடிச்சார். காயில்ல மூணுல ரெண்டு பங்கு கரிக்கட்டை. மீதி ஒரு பங்கு மட்டும் வார்னிஷ் மினுமினுப்பு மாறாம அப்படியே இருந்துச்சு. "ஒரு ஃபேஸ் போயிருக்கு, தெரியாம ஓட்டியிருக்காங்க. ஸ்டார் கனெக்‌ஷன். டெல்டாவா இருந்தா ஒரு செட்டுதான் கருகியிருக்கும்"னார். மீட்டர்கூட வைக்கலைடி.

ஏன் அப்படின்னு ரசீதுப் புக் பின்னாடி படம் போட்டுக் காட்டினேன். ஸ்டார்ல மூணு காயிலும் நடுவுல ஒரு புள்ளியில சேரும், டெல்டால முக்கோணமா மாட்டியிருக்கும். ஸ்டார்ல ஒரு லைன் போனா அந்தக் காயில்ல கரன்ட்டே இருக்காது, மத்த ரெண்டும் சீரியஸ்ல சேர்ந்து முழு லோடையும் இழுக்கும், அதனால அது ரெண்டும் கருகும். அப்பா கண்ணாடியை ஏத்திவிட்டுப் பார்த்தார். பார்த்துட்டுக் கேட்டார்: "சரி சாமி, ஓடிட்டிருக்கறப்ப ஃபேஸ் போனா ஓடிட்டே இருக்குது. நின்ன மோட்டாரைப் போட்டா மட்டும் ஏன் உறுமிட்டே நிக்குது?"

நாலு வருஷத்துல எந்த வைவாலயும் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. பதில் சொல்லக் கால் மணி நேரம் ஆச்சு. ஒரு லைன் போயிட்டா மிச்சம் ஒத்தை ஃபேஸ் மாதிரிதான். ஒத்தை ஃபேஸோட காந்தப் புலத்தை எதிரும் புதிருமாச் சுத்தற ரெண்டு புலமாப் பிரிச்சுக்கலாம். நின்ன மோட்டாரை ரெண்டும் சமமா இழுக்கறதால அது எந்தப் பக்கமும் கிளம்பாது. ஏற்கெனவே ஓடறது, தான் ஓடற பக்கத்து இழுப்பைப் பிடிச்சுக்கும். அப்பா, "இதை முப்பது வருஷமாப் பார்க்கறேன், இன்னைக்குத்தான் புரிஞ்சுது"ன்னார். எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு.

அன்னையிலிருந்து ராத்திரி ஷட்டர் இறக்கினதும் அப்பாதான் என் இன்டர்வியூ பேனல். நேத்து ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர், அதாவது மோட்டாரை ஸ்டார்ல கிளப்பி அப்புறம் டெல்டாவுக்கு மாத்தறது. ஸ்டார்ல கிளப்பினா லைன் கரன்ட் மூணுல ஒரு பங்கு ஆகும், டார்க்கும், அதான் சுத்தற விசையும், மூணுல ஒரு பங்காயிடும்னு சொன்னேன். "அப்ப பம்பு மட்டும் எப்படிக் கிளம்புது?"ன்னு மடக்கினார். சென்ட்ரிஃபியூகல் பம்புக்கு வேகம் ஏற ஏறத்தான் லோடு ஏறும், ஆரம்பத்துல பெருசா டார்க் வேண்டியதில்லை. முதல்ல தமிழ்ல சொல்றேன், அப்புறம் அதையே சின்னச் சின்ன வாக்கியமா இங்கிலீஷ்ல. புரிஞ்சதை இங்கிலீஷ்ல சொல்ல வார்த்தை வந்துடுது.

கம்பெனியைப் பத்திக் கேட்பாங்கன்னு கோயம்புத்தூர் கதையையும் படிச்சேன். 1930கள்ல நீலகிரியில தண்ணியிலிருந்து எடுத்த பைக்காரா கரன்ட் வந்தப்புறம்தான் இந்தப் பக்கம் மில்லும் கிணத்து மோட்டாரும் பெருகியிருக்கு. 1937-ல ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்த நாட்டிலேயே ஒரு மோட்டாரைச் செஞ்சிருக்காங்க. அப்பா கடை பெஞ்சுல உட்கார்ந்துதான் இதைப் படிச்சேன்.

ரெஸ்யூம்ல ஒண்ணு மாத்தினேன். அப்பா தொழில்னு கேட்ட இடத்துல 'பிசினஸ்'னு எழுதியிருந்தேன். பிளேஸ்மென்ட் செல்லுல எல்லாரும் அப்படித்தான் எழுதினாங்க, நானும் எழுதினேன். இப்ப 'மோட்டார் ரீவைண்டிங் கடை'ன்னு இருக்கு. 'உங்களைப் பத்திச் சொல்லுங்க'ன்னா முதல் வாக்கியமே அந்தக் கடைதான்.

ஒண்ணே ஒண்ணுக்குத்தான் இன்னும் பதில் கிடைக்கலை. சீனியர் அக்காகிட்ட ஹெச்.ஆர். ரவுண்டுல, "கல்யாணம் ஆனா வேலையை விட்டுடுவீங்களா, ஷிஃப்ட்டுக்கு வீட்ல விடுவாங்களா"ன்னு கேட்டிருக்காங்க. கூட வந்த பையன்களை யாரும் கேட்கலை. அதை நினைச்சாலே எனக்கு ஆத்திரமா வருது. ஆத்திரத்தைக் காட்டினா வேலை போயிடும். சிரிச்சு மழுப்பவும் மனசு வரலை, ஏன்னா இந்த வேலை எனக்கு வேணும். லோன் இருக்கு. அப்பாவுக்கு இருபத்தி ஆறாம் கேஜ் மெல்லிசுக் கம்பி இப்ப சரியாத் தெரியறதில்லை.

நீ போன வருஷமே ஆஸ்பத்திரி இன்டர்வியூவைத் தாண்டினவ. உன்னை இதைக் கேட்டாங்களா? என்ன சொன்னே? அப்படியே எழுது, நல்லா இருக்கட்டும்னு மாத்தி எழுதாதே. செவ்வாய் ராத்திரி உனக்கு ஆஃப்தானே? ஒன்பது மணிக்குக் கூப்பிடு. அப்பா டெக்னிகல் கேட்கட்டும், நீ ஹெச்.ஆர். கேளு. டீச்சர் மாதிரி நடுவுல நடுவுல நிறுத்து. பாவம்னு பார்த்து விட்டுடாதே. அந்தக் கல்யாணக் கேள்வியை மூணு தடவை கேளு. மூணாவது தடவையும் என் குரல் நடுங்காம இருக்கான்னு பார்த்துச் சொல்லணும்.

உன்
செல்வி