பாய் கடைப் பந்தயம்

அன்புள்ள சேது,

மே 20ஆம் தேதி வானியல் விஞ்ஞானி ஜெயந்த் நார்லிகர் இறந்துபோய்விட்டார் என்ற செய்தியைப் பார்த்ததும் உனக்குப் போன் போடத்தான் எடுத்தேன். போட்டால் நம் பழைய பரோட்டாப் பந்தயத்தில் வந்து நிற்போம், அன்றைக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. அப்புறம் நாள் ஓடிவிட்டது. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். தங்கச்சிக்கு முழங்கால் தேவலையா? இங்கே எல்லாரும் சௌக்கியம். பெரியவளுக்குச் சென்னைக்கே மாற்றல் கிடைத்துவிட்டது.

அண்டம் ஒரு பெருவெடிப்பில் தொடங்கியது என்பது என் கட்சி. தொடக்கமே இல்லை, என்றைக்கும் ஒரே மாதிரிதான் என்ற ஸ்டெடி ஸ்டேட் உன் கட்சி, நார்லிகர் கட்சியும் அதுதான். தோற்றவன் பரோட்டா வாங்க வேண்டும். 1978 அக்டோபரில், பெருவெடிப்பின் மிச்ச வெப்பத்தைக் கண்டுபிடித்த பென்சியாஸுக்கும் வில்சனுக்கும் நோபல் என்று ரேடியோவில் சொன்ன ராத்திரி, மொட்டைமாடியில் நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "நார்லிகர் ஒத்துக்கட்டும்டா, பன்னெண்டு பரோட்டாவும் என் செலவு." அவர் ஒத்துக்கொள்ளவே இல்லையே! 1993ல் ஹாய்ல், பர்பிட்ஜ் என்ற வானியலாளர்கள் இருவரோடும் சேர்ந்து ஸ்டெடி ஸ்டேட்டைத் திருத்தி மறுபடி களத்தில் இறக்கினார். 86 வயதில் போகும்வரை பெருவெடிப்பின்மேல் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. நாற்பத்தேழு வருஷமாக நீ தப்பித்து வருவது அவர் புண்ணியத்தில்தான்.

ஆனால் இந்த இரண்டு மாதமாகப் பழைய கணக்குகளைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நீ முழுசாகத் தோற்கவில்லை. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

டைரியில் ஒரு பக்கம் உன் ஸ்டெடி ஸ்டேட்டை எழுதினேன். அண்டம் விரிகிறது, ஆனால் நீர்த்துப்போவதில்லை. ஒரு கன மீட்டருக்கு நூறு கோடி வருஷத்தில் சுமார் ஒரு ஹைட்ரஜன் அணு புதிதாக முளைத்தாலே போதும், அடர்த்தி அப்படியே நிற்கும். எதிர்ப்பக்கத்தில் இயற்பியலாளர் ஆலன் கூத் 1981ல் வெளியிட்ட இன்ஃப்ளேஷனை எழுதினேன். தொடக்கத்தின் மிகச் சிறு கணத்தில் வெளி பொங்கி விரிகிறது, அடர்த்தி குறையவில்லை. இரண்டு பக்கத்திலும் விரிவுக்கு வந்த விடை ஒன்றே: e-யின் அடுக்கு Ht, அதாவது சம நேரத்துக்குச் சம மடங்கு பெருக்கம். அழகர்சாமி சார் இருந்திருந்தால் இரண்டு பேரையும் எழுப்பி நிற்கவைத்து யார் யாரைப் பார்த்து எழுதியது என்று கேட்டிருப்பார்.

அதோடு முடியவில்லை. வெளி இப்படிப் பொங்கி விரிவது எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் அடங்காது என்று 1980களில் விலென்கின், லிண்டே என்ற இயற்பியலாளர்கள் காட்டினார்கள். புளிக்கிற மாவை நினைத்துக்கொள். அங்கங்கே ஒரு குமிழி விடுகிறது. ஒவ்வொரு குமிழியும் ஒரு பெருவெடிப்பு, ஒரு தனி அண்டம். நம்முடைய 1380 கோடி வருஷமும் அதில் ஒரு குமிழிக்குள் அடக்கம். ஆனால் குமிழிகள் பெருகுவதைவிட வேகமாக மாவு பெருகிக்கொண்டே போகிறது, அதற்கு முடிவே இல்லை. மொத்தச் சட்டியையும் பார்த்தால் அது என்னடா? என்றைக்குப் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும் உன் ஸ்டெடி ஸ்டேட்தானே! குமிழிக்குள் நான் ஜெயித்தேன், மாவில் நீ.

உடனே துள்ளாதே. அரவிந்த் போர்டே, கூத், விலென்கின் மூவரும் 2003ல் ஒரு தேற்றம் கொடுத்தார்கள். சராசரியாக விரிந்துகொண்டே வந்த எந்த வெளியையும் பின்னோக்கி முடிவில்லாமல் நீட்ட முடியாது. ஏதோ ஓர் இடத்தில் அந்த விரிவின் கதை நின்றுவிடும். அதுதான் ஆதி என்று தேற்றம் சொல்லாது, அதற்கு முன்னால் வேறு மாதிரி ஏதாவது இருந்திருக்கலாம். ஆக, மாவு கரைத்த நேரம் ஒன்று உண்டு என்ற என் கட்சியும் உயிரோடுதான் இருக்கிறது.

இப்போது எனக்கு உள்ள கவலையைச் சொல்கிறேன். நம் பந்தயத்துக்கு நடுவர் இருந்தார். அமெரிக்காவின் ஹோம்டெலில் பென்சியாஸும் வில்சனும் அந்தக் கொம்பு ஆண்டெனாவுக்குள் இருந்த புறா எச்சத்தைக்கூட வழித்துப் பார்த்தார்கள், ரேடியோ இரைச்சல் போகவில்லை. எந்தத் திசையில் திருப்பினாலும் மூன்றரை டிகிரி கெல்வின் வெப்பம். விண்வெளியில் எங்கே ஒரு காப்பி டம்ளரைப் பிடித்தாலும் அந்தப் பழைய வெப்பத்தின் ஒளித்துகள் பல்லாயிரக்கணக்கில் அதற்குள் இருக்கும். உன் கட்சியிடம் அதற்குச் சரியான பதில் இல்லை. ஆனாலும் எனக்கு உன் கட்சிமேல் மரியாதை உண்டு. இப்படி ஒன்று கிடைத்தால் நான் தப்பு என்று அது கழுத்தை நீட்டி நின்றது.

பக்கத்துக் குமிழிக்கு யார் நடுவர்? அங்கிருந்து வெளிச்சம் வராது. ஒருகாலத்தில் நம்மோடு மோதியிருந்தால் தழும்பாவது தெரியும் என்று அந்த வெப்ப வரைபடத்தைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். தெளிவாக ஒன்றும் அகப்படவில்லை. அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒருமுறை லிண்டே, பல அண்டங்கள் உண்டு என்பதில் தன் உயிரையே பந்தயம் வைப்பேன் என்றார், வானியலாளர் மார்ட்டின் ரீஸ் தன் நாயின் உயிரை. இயற்பியலாளர் வெயின்பெர்க் அந்த இரண்டு உயிரையும் தான் வைப்பதாகச் சொன்னார். யாரும் பணம் கட்ட வேண்டிய நாள் வரப்போவதில்லை, அதுதான் என் வருத்தம்.

அந்த வெயின்பெர்க்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறவரும். வெற்றிடத்தின் ஆற்றல் கணக்கில் வருவதைவிட வானத்தில் காண்பது ஒன்றுக்குப் பின்னால் 120 சைபர் போட்ட மடங்கு குறைவு. எண்ணற்ற அண்டங்களில் இது வேறுவேறாக இருந்தால், நட்சத்திரக் கூட்டங்கள் உருவாக முடிகிற இடத்தில்தான் கேள்வி கேட்க ஆள் இருக்கும், அங்கே அது சிறியதாக இருக்கும், ஆனால் பூஜ்யமாக இருக்க அவசியமில்லை என்றார், 1987லேயே. 1998ல் வெடித்த நட்சத்திரங்களை அளந்தவர்கள் பூஜ்யம் இல்லை என்றே கண்டார்கள். இதைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை.

ஆனால் சேது, பொங்கலன்று நீ போனில் சொன்னது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. "எல்லா விதமும் எங்கேயோ இருக்குன்னா, இங்க ஏன் இப்படின்னு மண்டையை உடைச்சுக்க வேண்டாமேடா" என்றாய். குரலில் அவ்வளவு நிம்மதி. எனக்கு அந்த நிம்மதிதான் பயமாக இருக்கிறது. நீயா இப்படி? எலெக்ட்ரான் எடை ஏன் இவ்வளவு என்று கேட்டு மூக்கையனை விடிய விடியத் தூங்கவிடாதவன் நீ. நார்லிகர் ஊரே எதிர்த்தபோதும் கேட்டுக்கொண்டே இருந்தார். விடை தப்பாக இருக்கட்டும், அவர் கேள்வியை இறக்கிவைக்கவில்லை. நீயும் இறக்கிவைக்காதே.

கார்த்திகையில் வருகிறேன். பாய் கடையை இப்போது அவர் மகன் நடத்துகிறாராம், அதே சால்னா என்று கேள்வி. ஆறு உன் செலவு, ஆறு என் செலவு. அந்தப் பச்சை அட்டை நோட்டை மறக்காமல் எடுத்து வா. மூக்கையன் சாட்சிக் கையெழுத்துக்குக் கீழே 2003 தேற்றத்தை என் கையால் எழுத வேண்டும்.

உன்,
தியாகு