சித்தி வருகிறாள், ஊரைக் காட்டு

பாம்பன்,
ஆவணி 20

அன்புள்ள தாயி,

நீ அனுப்பிய செய்தியை உங்கம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "சித்தியும் சித்தப்பாவும் அக்டோபரில் வர்றாங்க. நான் இங்க எதையும் பார்த்ததில்லைப்பா, எங்கெங்க கூட்டிட்டுப் போறதுன்னு நீங்களே ஒரு லிஸ்ட் போட்டு அனுப்புங்க" என்று கேட்டிருக்கிறாய். மூன்று வருஷமாக ஜப்பானில் ஹகோடாதேயில் இருக்கிறவள், மூன்று வாரம் வந்துபோன மனுஷனிடம் வழி கேட்கிறாளே என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராமேஸ்வரத்துக்கு இந்தப் பக்கமே பிறந்து வளர்ந்த நான், கோயிலின் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் முழுதாகக் குளித்ததே ரிட்டையர் ஆன பிறகுதான். உள்ளூர்க்காரன் எதைப் பார்த்தான்!

லிஸ்ட் போட எனக்கு வராது. மனசில் இருக்கிற வரிசையில் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை உன் தம்பி போட்டோ எடுத்து அனுப்புவான்.

முதலில், டோக்கியோவிலிருந்து அவர்களை விமானத்தில் வர விடாதே. ஷின்கான்சென் என்கிற புல்லட் ரயிலில் வரட்டும். நாலு மணி நேரம் கொஞ்சம் கூடக் குறைய ஆகும். ஜன்னல் ஓர சீட் வாங்கச் சொல். கடலுக்கடியில் போகும்போது ஜன்னலில் இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாதுதான். ஆனால் அந்த இருட்டு செய்கான் சுரங்கத்தின் இருட்டு. 53.85 கிலோமீட்டர் நீளம், அதில் 23.3 கிலோமீட்டர் கடல் படுகைக்கு அடியில். அதற்குள் மூன்று தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். சரக்கு வண்டிக்குக் குறுகிய கேஜ், ஷின்கான்செனுக்கு அகலக் கேஜ், ஒரு தண்டவாளம் இரண்டுக்கும் பொது. மீட்டர் கேஜைப் பிடுங்கி பிராட் கேஜ் போட்ட காலத்தில் பாம்பன் பாலத்தில் நின்று சிக்னல் இன்ஸ்பெக்டராக வேலை பார்த்தவன் நான். எனக்கு அந்த மூன்றாவது தண்டவாளம் எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குப் புரியாது, சித்தப்பாவுக்குப் புரியும். ஒன்று ஞாபகம் வை: வண்டி நிற்கிற ஸ்டேஷன் பெயர் ஷின்-ஹகோடாதே-ஹொகுடோ. பெயரில்தான் ஹகோடாதே இருக்கிறது, ஊர் அங்கே இல்லை. லோக்கல் வண்டி மாறி இன்னும் இருபது நிமிஷம் போக வேண்டும். நாங்கள் பெட்டியோடு வெளியே வந்து டாக்ஸி தேடினோமே, அந்தக் கூத்து அவர்களுக்கு வேண்டாம்.

ஹகோடாதே ஸ்டேஷனில் இறங்கியதும் பக்கத்திலேயே கரையில் கட்டி நிற்கிற கப்பலுக்குக் கூட்டிப் போ. மாஷு மாரு. தினமும் அதைத் தாண்டித்தான் போகிறாய் என்று நீயே சொன்னாய், உள்ளே போனதில்லை என்றும் சொன்னாய். அன்றைக்கு உனக்கு லேப் இருந்தது, நானும் உங்கம்மாவும் மட்டும் போனோம். சுரங்கம் வருவதற்கு முன்னால், 1908 முதல் 1988 வரை, ஹகோடாதேயிலிருந்து எதிர்க்கரை அவோமோரிக்கு ரயில்வே ஓட்டிய கப்பல் வரிசையில் இது ஒன்று. மூன்று மணி ஐம்பது நிமிஷத்தில் கடப்பார்களாம். நம்ம போட் மெயிலில் தனுஷ்கோடியில் ஆட்கள்தான் ரயிலை விட்டிறங்கிக் கப்பல் ஏறினார்கள். இவர்கள் வேகனையே கப்பலுக்குள் தள்ளிக் கொண்டுபோனார்கள், ஒரு நடைக்கு 48 வேகன். கடல் மட்டம் ஏறி இறங்குவதற்குத் தக்கபடி ஏறி இறங்குகிற ஒரு பாலம் கரைத் தண்டவாளத்தையும் கப்பல் தண்டவாளத்தையும் சேர்த்துப் பிடிக்கும். நாம் கப்பலுக்கு வழிவிடப் பாலத்தைத் தூக்கினோம், அவர்கள் வண்டியைக் கப்பலில் ஏற்றப் பாலத்தை இறக்கினார்கள்.

1954 செப்டம்பர் 26. புயல் நாள். சாயங்காலம் காற்று அடங்கி வானம் வெளுத்திருக்கிறது. புயலின் கண் கடந்து போய்விட்டது என்று நினைத்துக் கேப்டன் தோயா மாரு என்ற ரயில் கப்பலைக் கிளப்பினார். வெகுதூரம் போகவில்லை. ஊருக்குப் பக்கத்துக் கடற்கரையை ஒட்டியே கவிழ்ந்தது. 1,100 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அதே ராத்திரி இன்னும் நாலு ரயில் கப்பல் மூழ்கியது. சுரங்கம் தோண்டியே ஆக வேண்டும் என்ற பேச்சுக்கு வேகம் வந்தது அதற்குப் பிறகுதான்.

இதைப் படித்துக்கொண்டு நின்றபோது எனக்கு உன் தாத்தா ஞாபகம். 1964 டிசம்பர் 22 ராத்திரி ரயிலோடு தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனபோது எனக்கு ஐந்து வயது. தாத்தா அந்த ஸ்டேஷனில் பாயின்ட்ஸ்மேன். உன் அத்தைக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டு மண்டபம் வந்திருந்தார். அந்த ராத்திரியைப் பற்றி யார் கேட்டாலும் "நான் லீவுல இருந்தேன்" என்று மட்டும் சொல்வார், தப்பு செய்தவர் மாதிரி. கப்பலில் வயர்லெஸ் அறை இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மோர்ஸ் கற்றுக்கொண்ட விரல் சும்மா இருக்குமா, கைப்பிடிக் கம்பியில் உன் பெயரைத் தட்டிப் பார்த்தேன். "யாரைக் கூப்பிடுறீக?" என்றாள் உங்கம்மா. "லேப்ல இருக்கிறவளை" என்றேன்.

ஹகோடாதே மலைக்கு எல்லாரும் போவார்கள், நீயும் கூட்டிப் போவாய். 334 மீட்டர்தான், ரோப்வேயில் மூன்று நிமிஷம். ராத்திரி வெளிச்சம் அழகு என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள், அழகுதான். ஆனால் பொழுது சாய்கிறதற்கு அரை மணி முன்னாலேயே ஏறிவிடு. ஊரின் வடிவம் அப்போதுதான் தெரியும். அந்த மலை ஒரு காலத்தில் தனித் தீவாக இருந்து, மணல் சேர்ந்து சேர்ந்து கரையோடு ஒட்டிக்கொண்டதாம். அந்த மணல் இடுப்பில்தான் ஊர் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் விரிகுடா, அலையே இல்லை. மறு பக்கம் சுகாரு நீரிணை, நுரை தள்ளுகிறது. "இது பெண்கடல், அது ஆண்கடல்" என்றேன். தனுஷ்கோடிக்காரனுக்கு வேறு என்ன சொல்ல வரும்! பக்கத்தில் நின்ற சீனப் பையனுக்குக்கூடக் கையைக் காட்டிச் சொன்னேன், அவனும் தலையாட்டினான். ராணுவம் கோட்டையாக வைத்திருந்ததால் யுத்தம் முடிகிறவரை இந்த மலையில் பொதுஜனம் ஏற முடியாதாம். அதனால்தான் மரம் இவ்வளவு மிஞ்சியிருக்கிறது. அக்டோபரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், உச்சியில் காற்று எலும்பில் இறங்கும். சித்திக்குக் குரங்குக் குல்லா எடுத்துப் போ, படத்தில் நன்றாக இருக்காது என்று அவள் சொன்னாலும் விடாதே.

டிராமில் நான் ஏமாந்த கதையை உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. ஜூஜிகாய் நிறுத்தத்தில் தடம் இரண்டாகப் பிரியும். ஐந்தாம் நம்பர் பழைய துறைமுகத் தெருப் பக்கம் போகும், இரண்டாம் நம்பர் யாச்சிகாஷிராவுக்குப் போகும். நாங்கள் சர்ச்சுகள் பார்க்கக் கிளம்பி இரண்டில் ஏறிவிட்டோம். சிக்னல் இன்ஸ்பெக்டர், தடம் மாறிப் போய்விட்டார்! கடைசி நிறுத்தத்தில் இறங்கி, சரி நடப்போம் என்று நடந்தால் கல்லறைகளுக்கு நடுவே பாதை ஏறுகிறது. தாச்சிமாச்சி முனை. இஷிகாவா தகுபோகு என்ற கவிஞர் 1907-ல் இந்த ஊரில் நாலு மாசம் போல இருந்தார், அந்த வருஷத்துப் பெரிய தீயோடு கிளம்பிவிட்டார். 26 வயதில் காசநோயில் இறந்தவரின் குடும்பக் கல்லறை இந்தப் பாதையோரம்தான். நாலு மாசம் இருந்த ஊருக்கே திரும்பி வந்து படுத்திருக்கிறார். முனையில் பாறையும் காற்றும் கடலும் தவிர ஒன்றும் இல்லை. எதிரே மங்கலாக, ஜப்பானின் பெரிய தீவான ஹோன்ஷுவின் கரை. உங்கம்மா அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் அரை மணி பேசாமல் இருந்தால் இடம் எப்படி என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். சித்தி மூட்டு வலிக்கு அந்த ஏற்றம் ஆகாது, நீ தனியாகப் போ.

திரும்பும்போது அதே நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வெந்நீர் ஊற்றுக் குளியலகம். உங்கம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் உள்ளே போனேன். கோவணம்கூடக் கிடையாது, தாயி. அறுபது வயதுக்கு மேல் அந்த வெட்கத்தை எங்கே கொண்டு வைப்பது! ஒரு கிழவர் என் திண்டாட்டத்தைப் பார்த்து, குட்டி ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார். முதலில் அங்கே உட்கார்ந்து சோப்புப் போட்டு ஒழுங்காகக் குளிக்க வேண்டும், பிறகுதான் தொட்டி. கைக்குட்டை அளவு துண்டை மடித்துத் தலையில் வைத்துக் காட்டினார், நானும் வைத்துக்கொண்டேன். தண்ணீர் கடுங்காப்பியில் பாதி தண்ணீர் ஊற்றிய நிறம், சூடு பொறுக்க முடியாமல் மெல்லப் பொறுத்துப் போகிற சூடு. வெளியே வானம் பார்த்த தொட்டி நட்சத்திர வடிவம். ஏன் நட்சத்திரம் என்று மறுநாள் கோர்யோகாகு கோட்டையைப் பார்த்ததும்தான் பிடிபட்டது. சித்தப்பாவைக் கட்டாயம் அனுப்பு. சித்திக்கு யுனோகாவா ஒன்சென் டிராம் நிறுத்தத்தில் காலை மட்டும் நனைத்து உட்கார்கிற இலவசத் தொட்டி இருக்கிறது. முட்டிக்கு நல்லது, சேலையைக் கணுக்கால் வரை தூக்கினால் போதும்.

கோட்டையைத் தரையில் நின்று பார்த்தால் அகழியும் மேடும்தான், கோபுரத்தில் ஏறினால்தான் ஐந்து முனை தெரியும். சித்திரைக் கடைசியில் நாங்கள் போனபோது செரி இதழ் அகழித் தண்ணீரை மூடியிருந்தது. அக்டோபரில் அது இருக்காது, கதை இருக்கும். 1868-ல் தோற்றுப்போன ஷோகன் (பழைய ராணுவ ஆட்சியாளர்) பக்கத்துக் கப்பல் தளபதி எனோமொட்டோ தகேயாகி இங்கே வந்து கோட்டையைப் பிடித்து, ஓட்டுப் போட்டுத் தலைவரானார். அடுத்த வருஷம் முற்றுகை. இனித் தப்பாது என்று தெரிந்ததும், தன்னிடமிருந்த கடல் சட்டப் புத்தகம் எரிந்து போகக்கூடாது, நாட்டுக்குத் தேவைப்படும் என்று அதை எதிரித் தளபதிக்கே அனுப்பிவைத்தார். அவர் பதிலுக்குச் சாராயம் அனுப்பினாராம். சரணடைந்து ஜெயிலுக்குப் போன எனோமொட்டோ, பிற்பாடு அதே அரசாங்கத்தில் தபால் தந்தி மந்திரியானார்! நம் இலாகா ஆள் மாதிரி என்று எனக்கு ஒரு பாசம்.

மோட்டோமாச்சிச் சரிவுகளில் ரஷ்யச் சர்ச், கத்தோலிக்கச் சர்ச், ஆங்கிலிக்கன் சர்ச், புத்தர் கோயில் எல்லாம் கூப்பிடு தூரத்தில். 1859-ல் வெளிநாட்டு வியாபாரத்துக்குத் துறைமுகத்தைத் திறந்ததன் மிச்சம். ஹச்சிமான் சரிவு உச்சியில் நின்றால் தெரு நேராகக் கடலில் முடியும், அங்கே ஒரு படம் எடுத்துக் கொடுத்தால் சித்தி திருப்திப்பட்டுவிடுவாள். அந்தப் புத்தர் கோயிலை மட்டும் நின்று பார். மரம் மாதிரி தெரிகிறதே, 1915-ல் கட்டிய கான்கிரீட். எரிந்து எரிந்து அலுத்துப் போன ஊர் அது. 1934 தீயில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் செத்தார்கள். தெருக்கள் ஏன் அத்தனை அகலம் என்று கேட்டாயே, தீ தாவக்கூடாது என்றுதான். கீழே சுயேஹிரோச்சோ பக்கம் 1923-ல் நட்ட கரண்ட் கம்பம் நிற்கிறது, ஜப்பானிலேயே பழைய கான்கிரீட் கம்பம். உருண்டை இல்லை, நாலு பட்டை, மேலே போகப் போகச் சிறுத்துப் போகும். நான் கால் மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். "கடல் தாண்டி வந்து கரண்ட் கம்பத்தைப் பார்க்கிற மனுஷனை நான் எங்கயும் கண்டதில்லை" என்று உங்கம்மா டிராம் வரும்வரை புலம்பினாள்.

அவளுக்குப் பிடித்தது வேறு. உன் லேப் தோழி காரில் மினாமிகயாபே கூட்டிப்போனாளே, அங்கே ஜோமோன் என்கிற கற்கால மக்களின் அருங்காட்சியகத்தில் இருந்த மண் பொம்மை. ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவு, நம்ம அய்யனார் குதிரை மாதிரி உள்ளே குடைவாகச் செய்தது, மூவாயிரம் வருஷத்துக்கு மேல் பழசு, இரண்டு கையும் இல்லை. 1975-ல் ஒரு வீட்டுக்காரம்மா உருளைக்கிழங்குத் தோட்டத்தில் மண்ணைக் கொத்தும்போது கிடைத்தது. இன்றைக்கு அது தேசியப் பொக்கிஷம். கடலைக் காட்டில் களை எடுத்து வளர்ந்த உங்கம்மா கேட்டது ஒரே கேள்வி: "அந்தம்மா அன்னைக்குக் கிழங்கைத் தோண்டி முடிச்சாளா இல்லையா?" உன் தோழி அதை ஜப்பான் மொழியில் கேட்டாள். கவுன்டரில் இருந்த பெண் சிரித்துவிட்டுப் பதில் சொல்லவே இல்லை.

சாப்பாடு. சித்தப்பாவைக் காலைச் சந்தைக்கு ஆறு மணிக்கே கூட்டிப் போ. தொட்டியில் ஊசிக் கணவாய் நீந்தும், குட்டித் தூண்டில் கொடுப்பார்கள். நான் தூக்கியது என் சட்டையில் தண்ணீரைப் பீய்ச்சியது. சந்தைக்காரர் வாங்கி, நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் நூல் நூலாக அரிந்து வைத்துவிட்டார். கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிறது, கால்கள் தட்டில் இன்னும் நெளிகின்றன. கணவாயைக் குழம்பிலும் வறுவலிலும் தவிரப் பார்த்திராத வாய். கண்ணை மூடிக்கொண்டு, இஞ்சியும் சோயாவும் தொட்டுப் போட்டேன். இளநீர் வழுக்கை, தாயி. அதே வழுவழுப்பு, அதே லேசான இனிப்பு, கடைசியில் மட்டும் கடல். இந்தக் கணவாய்தான் வருஷா வருஷம் குறைந்துகொண்டே போகிறது, கடல் சூடேறி வேறு மீன் ஏறி வருகிறது என்று உன் படிப்பைப் பற்றி நீ சொன்னதெல்லாம் அந்தத் தட்டின் முன்னால்தான் எனக்கு மண்டையில் ஏறியது.

சித்தி சைவம், அவள் பாடு திண்டாட்டம். மீன் துண்டு கண்ணில் படாத நூடுல்ஸ் சாற்றில்கூட மீன் இருக்கும். கட்சுவோபுஷி என்கிறார்களே, அது நம்ம மாசிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. உங்கம்மா முதல் வாய் குடித்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். பெட்டியில் இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், கருப்பட்டி கொடுத்துவிடுகிறோம். சித்தி பயப்படாமல் சாப்பிட இனிப்பு வேண்டுமானால் ஓனுமா ஏரிக்குக் கூட்டிப் போ, எக்ஸ்பிரஸில் அரை மணி. 1905 முதல் விற்கிற ஓனுமா டாங்கோ, சின்னச் சின்ன அரிசிமாவு உருண்டை, பெட்டியில் இரண்டு பக்கம் இரண்டு ருசி, ஒன்று பெரிய ஏரி, ஒன்று சின்ன ஏரி. சிவப்புப் பயறு விழுது போட்ட பக்கத்தைச் சித்தியிடம் கொடு, பிள்ளையார் சதுர்த்தி என்று நினைத்துக்கொள்வாள். அன்றைக்கே தின்றுவிட வேண்டும், ஊருக்குக் கட்டிக்கொண்டு வர முடியாது. ஏரிக்குப் பின்னால் கொமகதாகே எரிமலை, அக்டோபர் பாதிக்கு மேல் கரையெல்லாம் சிவந்து கிடக்குமாம். நாங்கள் போனபோது பச்சை. அந்தச் சிவப்பை எனக்குப் படம் எடுத்து அனுப்பு.

லேபில் நாலு நாள் லீவு கேள். சனி ஞாயிறை மட்டும் வைத்து ஒப்பேற்றாதே.

கரண்ட் கம்பத்தைச் சித்திக்குக் காட்ட வேண்டாம். அன்றைக்கே உங்கம்மாவுக்குப் போன் போட்டுவிடுவாள், எனக்கு இங்கே மறுபடியும் கச்சேரி நடக்கும்.

அன்புடன்,
அப்பா